காதால் ஆங்கிலம் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்தில் ஒரு வீட்டு மாடியில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாலிடெக்னிக் மாணவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருப்பவர்கள், மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் கடை வைத்திருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். வானொலியும் ஒலிப்பதிவுகளும் கேட்டுப் பழகச் சொல்வது என் வழக்கம். அப்படிச் சொன்னதும் எழும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

1. சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா இங்கிலீஷ் வந்துடுமா சார்?

சும்மா கேட்டால் வராது. இந்தப் பக்கத்தில் கேள்வி ஞானம் என்ற சொல் தெரியாதவர்கள் இல்லை. முறையாகப் பாடம் கேட்காமல், திருவையாற்று ஆராதனையிலும் கோயில் திருவிழாக்களிலும் கேட்டுக் கேட்டே ராகம் கண்டுபிடிக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலாபனை தொடங்கியதும் மனத்துக்குள் ஒரு பெயரை வைத்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "காம்போதிதானே?" என்று கேட்டுச் சரிபார்க்கிறார்கள், தவறு என்றால் அடுத்த முறை எந்தப் பிடியில் ஏமாந்தோம் என்று காத்திருந்து கேட்கிறார்கள். அதே பந்தலில் முப்பது வருடமாகச் சுண்டல் விற்பவருக்கும் அதே சங்கீதம்தான் காதில் விழுகிறது.

ஆங்கிலத்துக்கும் இதே கணக்குதான். ஊகிப்பது, சரிபார்ப்பது, மறுபடி கேட்பது ஆகிய மூன்றும் இருந்தால் வானொலி ஆசிரியராகும்.

2. பேப்பர்ல படிச்சா புரியுது, அதையே ரேடியோவுல கேட்டா ஒண்ணும் புரியலையே, ஏன்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி என்பதால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். எழுத்தைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, அதற்கு நாமாக ஓர் ஒலியைக் கொடுத்து மனத்தில் வைத்திருக்கிறோம். 'வெட்னெஸ்டே' என்று நாம் வைத்திருக்கும் புதன்கிழமை வானொலியில் 'வென்ஸ்டே' என்று வருகிறது. 'கம்ஃபர்ட்டபிள்' என்பது 'கம்ஃப்டபிள்' என்று வருகிறது. தெரிந்த சொல்தான், ஆனால் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவதால் அடையாளம் தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் தாளம். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய உரிய நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்திலோ பொருள் தாங்கும் சொற்களின் மேல் மட்டும் அழுத்தம் விழும். இடையில் வரும் சின்னச் சொற்கள் கிடைத்த இடுக்கில் நுழைந்துகொள்ளும். 'டாக்ஸ் சேஸ் கேட்ஸ்' என்பதிலும் 'த டாக்ஸ் ஹாவ் பீன் சேஸிங் த கேட்ஸ்' என்பதிலும் அழுத்தம் மூன்றே இடத்தில்தான்: நாய், துரத்தல், பூனை. சொற்கள் இரண்டு மடங்கானாலும் சொல்லும் நேரம் இரண்டு மடங்காவதில்லை. ஆதி தாளத்தில் ஓர் அட்சரத்துக்குள் நான்கு சொல் வந்தாலும் எட்டு வந்தாலும் அடி அதே இடத்தில் விழுவதைப் போன்றது இது. கருவி வைத்து அளந்தால் இடைவெளிகள் அவ்வளவு சமமாக இருப்பதில்லை என்பது உண்மைதான்; ஆனால் கேட்கப் பழகுகிறவருக்கு இந்த உவமை போதும்.

மூன்றாவதாக, சொல்லோடு சொல் ஒட்டிக்கொள்கிறது. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்ற வாக்கியத்தை ஒரு மாணவியிடம் ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொன்னேன். அவர் முதல் சொல்லாகத் 'தண்ணீர்' என்று எழுதி, எந்தத் தண்ணீர் என்று என்னைக் கேட்டார். 'வாட் ஆர்' ஒட்டி 'வாட்டர்' ஆகியிருந்தது. அவர் காதில் பிழையே இல்லை. வந்த ஒலியை வந்தபடிதான் கேட்டிருக்கிறார். இப்படி ஒட்டும் இடங்களைக் கேட்டுப் பழகினால் பாதி மூட்டம் விலகிவிடும்.

3. எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது?

பத்தில் ஏழு எட்டு பங்கு முதல் முறையிலேயே புரிகிற ஒன்றிலிருந்து. புரிவதற்கு ஒரு படி மேலே உள்ளதைக் கேட்பதால்தான் மொழி ஏறுகிறது என்று ஸ்டீஃபன் கிராஷன் என்ற மொழியறிஞர் 1980களில் வலியுறுத்தினார். அவருடைய கொள்கை முழுவதையும் எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும், ஒன்றும் புரியாததைக் கேட்டுப் பயனில்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

பி.பி.சி. 1943ஆம் ஆண்டிலிருந்து வானொலி வழியே ஆங்கிலம் கற்பித்து வருகிறது. அதன் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியைத்தான் நான் முதலில் கொடுப்பேன். ஆறு நிமிடம், இருவர் உரையாடல், தொடக்கத்தில் ஒரு வினா, முடிவில் அதன் விடை, நடுவில் விளக்கப்படும் சில புதிய சொற்கள் என்ற அமைப்பு மாறாது. பேசியது முழுவதும் எழுத்து வடிவிலும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதே அதன் பெரிய லாபம்.

அதுவும் கடினம் என்றால் அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' வகை நிகழ்ச்சிகள் இருக்கின்றன. சுமார் 1,500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியங்களில், நிதானமாக வாசிப்பார்கள். 2014இல் அதற்கு 'லேர்னிங் இங்கிலீஷ்' என்று பெயர் மாறியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் ஒலிபரப்பே முடக்கப்பட்டுவிட்டதால், பழைய பதிவுகள் கைக்குக் கிடைத்தால் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடம் பழசாகிவிடாது.

4. எங்க வீட்ல அப்பா காலத்து ரேடியோதான் இருக்கு. அதுல இங்கிலீஷ் வருமா?

வரும். திருச்சி வானொலி 1939 மே 16ஆம் நாள் தொடங்கப்பட்டது. மத்திய அலையில் 936 கிலோ ஹெர்ட்ஸில் டெல்டா முழுவதும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காலை 8.15க்கும் இரவு 9 மணிக்கும் டெல்லியிலிருந்து ஆங்கிலச் செய்தி வருவது நெடுநாள் வழக்கம். கைப்பேசி இருந்தால் ஆகாஷவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் இதே செய்திகள் இரைச்சலின்றிக் கிடைக்கும்.

பெட்டி கரகரக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மத்திய அலையைப் பிடிக்கும் ஏரியல் பெட்டிக்குள்ளேயே படுக்கை வாட்டில் ஒரு கறுப்புக் கம்பியாக இருக்கிறது. ஆகவே பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் ஒலி தெளியும். எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், பம்புசெட் ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் பக்கத்திலிருந்து நகர்த்தி வையுங்கள். இரவில் தூரத்து நிலையங்களும் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி வந்து கலப்பதால், காலைச் செய்தியே பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

5. நியூஸ் ரொம்ப வேகமா போகுது. எப்படிப் பிடிக்கிறது?

முதலில் தமிழில் செய்தி கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலச் செய்திக்கு உட்காருங்கள். என் தலைமுறையில் பலர் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் ஆங்கிலச் செய்திக்குக் காத்திருப்போம். மேட்டூர் அணை திறப்பு, காவிரி மேலாண்மை ஆணையக் கூட்டம், நெல் கொள்முதல் விலை என்று விஷயம் முன்பே தெரிந்திருந்தால், ஆங்கிலத்தில் 'ரெசர்வாயர்', 'இன்ஃப்ளோ', 'கியூசெக்ஸ்', 'ப்ரொக்யூர்மென்ட்' என்ற சொற்கள் தாமாகவே தங்கள் இடத்தில் உட்காரும். அணையின் நீர்வரத்தைத் தினமும் கவனிக்கிற ஒரு விவசாயி அந்தச் செய்தியில் என்னைவிட அதிகம் புரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்தியில் இன்னொரு வசதி, தொடக்கத்தில் சொன்ன தலைப்புகளை முடிவிலும் ஒரு முறை சொல்வார்கள். முதல் ஒரு மாதம் அந்தத் தலைப்புகளை மட்டும் பிடித்தால் போதும்.

6. தினமும் எவ்வளவு நேரம் கேட்கணும்? எனக்குக் கடையும் இருக்கு, வயலும் இருக்கு.

இருபது நிமிடம். ஆனால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இருபது நிமிடத்தைக் கேட்பதல்ல நான் சொல்வது. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை இருபது நிமிடம் கேட்பது. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு, எதைப் பற்றிய பேச்சு என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை நோட்டில் காதில் விழுந்ததை எழுதுங்கள். விளங்காத இடத்தில் கோடு போட்டு இடம் விடுங்கள். மூன்றாவது, நான்காவது முறைகளில் அந்த இடங்களை நிரப்பப் பாருங்கள். அதன் பிறகே எழுத்து வடிவத்தைத் திறந்து, பிழைகளைச் சிவப்பு மையில் திருத்துங்கள். கடைசியாக, எழுத்தை மூடிவைத்துவிட்டு ஒரு முறை கேளுங்கள். இந்தக் கடைசி முறையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காது திருந்துவது அதில்தான்.

நேரமில்லை என்பவர்களிடம் எங்கள் ஊர் ரயில்வே கேட்டைக் காட்டுவேன். கேட் போட்டால் ஒரு ஆறு நிமிட நிகழ்ச்சி முழுவதும் ஓடி முடியும். சில நாள் இரண்டாம் முறையும் கேட்கலாம்.

7. நாத்து நடும்போது காதுல மாட்டிக்கிட்டா? தூங்கும்போது ஓடவிட்டா?

கை வேலையாக இருக்கும்போது, முன்பே ஆறாம் விடையில் சொன்னபடி பழகிய துண்டுகளைத் திரும்பக் கேட்பது நல்லது. புதியதைக் கேட்பது வீண். தூங்கும்போது கேட்டால் தூக்கம்தான் கெடும். இருசக்கர வண்டியில் போகும்போது காதில் எதையும் மாட்டாதீர்கள், பாடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

8. போன்ல வேகத்தைக் குறைச்சுக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. முக்கால் வேகத்தில் வைத்தால் ஒலிகள் நீளுமே தவிர, விழுங்கிய ஒலி திரும்பி வராது. 'நெக்ஸ்ட் டே' என்பதை 'நெக்ஸ் டே' என்று சொல்லியிருந்தால், மெதுவாக்கினாலும் அதே 'நெக்ஸ் டே'தான் இழுத்துக் கேட்கும். நான் சிபாரிசு செய்வது, வேகத்தை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்துவது. மனத்துக்கு அவகாசம் கிடைக்கும். காது இயல்பான வேகத்திலேயே பழகும்.

9. கிரிக்கெட் கமென்டரி கேட்டாக்கூட உபயோகம் உண்டா?

நிச்சயமாக உண்டு, அதுவும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வானொலி வர்ணனையைக் கேட்டால். தொலைக்காட்சியில் படம் இருப்பதால் வர்ணனையாளர் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். வானொலியில் பந்து எங்கே விழுந்தது, யார் ஓடினார், எத்தனை ஓட்டம் என்று ஒவ்வொரு பந்துக்கும் முழுவதையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஓவருக்கு ஆறு முறை ஏறக்குறைய ஒரே வகை வாக்கியங்கள் வருகின்றன. ஆட்டம் உங்களுக்குத் தெரியும் என்பதால் பொருளும் தெரியும். ஐந்தாம் விடையில் சொன்ன அதே உத்திதான். ஒரே குறை, கிரிக்கெட் ஆங்கிலம் வங்கி நேர்காணலில் பேசப் போதாது.

10. பிரிட்டிஷ் கேட்கணுமா, அமெரிக்கன் கேட்கணுமா?

முதல் ஆறு மாதம் எது தெளிவாகப் புரிகிறதோ அது. ஆகாஷவாணியின் இந்திய ஆங்கிலத்தைத் தாழ்வாக நினைக்காதீர்கள். நீங்கள் நாளை பேசப்போகிறவர்களில் பாதிப்பேர் டெல்லியிலும் ஹைதராபாத்திலும் இருப்பவர்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் அந்த ஊர்ச் செய்திகளையும் இரண்டு மாதம் முன்பிருந்தே கேட்டுப் பழகுவது நலம்.

11. 'பேக்'னு காதுல விழுது. முதுகா, பையா? ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?

தமிழில் ஒரே 'க' எழுத்துத்தான் இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. எது எங்கே வரும் என்பதைச் சொல்லில் அது வரும் இடமே முடிவு செய்துவிடுவதால் நம் காது அந்த வேறுபாட்டைத் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: கடைசி மெய்யைக் கேட்காதீர்கள், அதற்கு முந்தைய உயிரைக் கேளுங்கள். முதுகைக் குறிக்கும் சொல்லில் உயிர் வெட்டுப்பட்டதுபோல் குறுகி நிற்கும். பையைக் குறிக்கும் சொல்லில் சற்று நீண்டு ஒலிக்கும். இந்த நீளம்தான் ஆங்கிலேயரின் காதுக்கும் பெரிய அடையாளம்.

பதினைந்து, ஐம்பது விவகாரம் இதைவிடப் பொல்லாதது. மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவர், சம்பா மேலுரப் பருவத்தில் வெளிமாநில விநியோகஸ்தரோடு ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசி, ஐம்பது மூட்டை வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வண்டியில் இறங்கியது பதினைந்து. 'டீன்' என்பதில் அழுத்தம் பின்னால் விழும், 'டி' என்பதில் முன்னால் விழும் என்று பாடப்புத்தகம் சொல்லும். தனியாகச் சொன்னால் அது சரி. ஆனால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்துவிட்டால், 'ஃபிஃப்டீன் பேக்ஸ்' என்பது போல, அழுத்தம் பெரும்பாலும் முன்னால் நகர்ந்துவிடுகிறது. அப்போது உங்களுக்கு மிஞ்சுவது அந்த நீண்ட 'ஈ'யும் அதன் பின்னால் வரும் 'ன்' ஒலியும்தான். தொலைபேசியில் அதையும் நம்பாமல், 'ஒன் ஃபைவ்' ஆ, 'ஃபைவ் ஜீரோ' வா என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

12. 'கேன்'னு சொன்னாரா 'கான்ட்'னு சொன்னாரான்னே தெரியல. முடியுமா முடியாதா?

இரண்டாம் விடையில் சொன்ன தாளம் இங்கே கைகொடுக்கும். 'முடியும்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் அழுத்தம் இருக்காது. 'ஐ க்கன் கம்' என்று தேய்ந்து, அடுத்த வினைச்சொல்தான் ஓங்கி ஒலிக்கும். 'முடியாது' என்றால் அந்தச் சொல்லே அழுத்தம் பெற்று நிற்கும். கடைசி 'ட்' காதில் விழாவிட்டாலும் அழுத்தத்தை வைத்துத் தீர்மானிக்கலாம்.

13. கேட்டா இப்போ புரியுது, ஆனா பேச வாய் வரமாட்டேங்குதே?

கேட்பது மட்டும் பேச்சைக் கொண்டுவராது. நாகசுரம் கற்கும் பிள்ளை வாத்தியாரின் சீவாளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை. அவர் ஒரு வரி வாசிக்க, இவன் அதையே திருப்பி வாசிக்கிறான். அதேபோல், ஆறாம் விடைப்படி பழகிய இரண்டு நிமிடத் துண்டை எடுத்துக்கொண்டு, பேசுகிறவருக்கு அரை வினாடி பின்னால் அவரோடு சேர்ந்தே உரக்கச் சொல்லுங்கள். நிழல்போல் தொடர்வதால் இதற்கு 'ஷேடோயிங்' என்று பெயர். மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கவும் இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் வாரம் நாக்கு பின்னிக்கொள்ளும். சொற்களை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஏற்ற இறக்கத்தை விடாதீர்கள்.

பிறகு உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிந்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தன் குரலைக் கேட்கக் கூசாதவர் யாரும் இல்லை; நான் இன்னும் கூசுகிறேன்.

14. ஐ.இ.எல்.டி.எஸ்.ல ஒரு தடவைதான் ஓடவிடுவாங்க. நீங்க அஞ்சு தடவை கேட்கச் சொல்றீங்களே?

நியாயமான மடக்கு. வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதுகிற அந்த ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் நான்கு பிரிவுகள், நாற்பது வினாக்கள், ஏறக்குறைய முப்பது நிமிட ஒலிப்பதிவு. எதையும் இரண்டாம் முறை ஒலிக்கவிட மாட்டார்கள். ஆனால் பயிற்சி வேறு, பரீட்சை வேறு. அரங்கேற்றத்தில் ஒரு முறைதான் வாசிக்க முடியும் என்பதற்காக வீட்டில் யாரும் ஒரே முறை சாதகம் செய்வதில்லை. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும் வரை பலமுறை கேட்கும் முறையிலேயே செல்லுங்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முழுத் தேர்வுகளை ஒரே முறை கேட்டு எழுதி, தவறிய வினாக்களுக்கு உரிய துண்டுகளை மட்டும் பழைய முறைப்படி பிரித்துப் பாருங்கள்.

அத்தேர்வில் மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேசுகிறவர் முதலில் ஒரு நாளையோ விலையையோ சொல்லிவிட்டு, பிறகு 'இல்லை, மன்னிக்கவும்' என்று மாற்றிச் சொல்வார். முதலில் கேட்டதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவர்களுக்கு அந்த மதிப்பெண் போய்விடும்.

15. ஆறு மாசமா கேட்கிறேன், முன்னேற்றமே தெரியலையே சார்?

முதல் வாரத்தில் எழுதிய நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதே துண்டை, அந்த நோட்டைப் பார்க்காமல், இன்று மறுபடி எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையை எண்ணுங்கள். தண்ணீர் என்று எழுதிய மாணவியின் முதல் பக்கத்தில் இருபத்தெட்டுத் திருத்தங்கள் இருந்தன. ஐந்து மாதம் கழித்து அதே துண்டில் ஆறு.

குறையவே இல்லை என்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். கடினமான நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் மூன்றாம் விடைக்குத் திரும்பி ஒரு படி இறங்குங்கள். அல்லது எழுதாமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் நாளைக் காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்.